கழற்றி வீசிய பெட்டி

என்னை நானே அறிவாளி என்று நம்பிய கடைசி நாள் அது. பல்லடத்தில் நான் வேலை பார்க்கும் தறிக்குடோனின் சேலை டிசைன்கள் அத்தனையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. வேறு நகல் கிடையாது. வேகம் கூடட்டுமே என்று அதன் யு.எஸ்.பி. பெட்டியைக் கழற்றி வீசிவிட்டு, டிஸ்க்கை நேராக லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் மாட்டினேன். டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை என்றது திரை.

"ஏனுங்க, டிசைன் இல்லீன்னா நாளைக்குத் தறி நின்னுபோகுமுங்க" என்றார் முதலாளி அக்கா.

ஃபார்மேட் செய்யத் துடித்த விரலை மடக்கிக்கொண்டேன். காரணம் தெரியாமல் எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்து, கம்ப்யூட்டரின் பழைய பதிவுகளைப் புரட்டினேன். பெட்டிக்குள் இருந்தவரை டிஸ்க் தன்னை 4096 பைட் கட்டங்களாகக் காட்டியிருந்தது. இப்போதோ 512. டிசைன்கள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. கட்டத்தின் அளவு மாறியதால் கம்ப்யூட்டர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது.

பஞ்சுக் கழிவு மூட்டைக்குள் தலையை விட்டு, பெட்டியைத் தேடியெடுத்து டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். மயில் பார்டர் முதல் எல்லாமே வந்தன. காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தும்மிக்கொண்டே, "அக்கா, அடுத்து கம்ப்யூட்டரையும் வேகமாக்கிப் போடட்டுங்களா?" என்றேன்.

"மொதல்ல அந்த ஸ்க்ரூ டிரைவர இங்க குடுங்க."