எண் கேட்டேன், தவறைக் காட்டினான் முருகன்

கிருத்திகைக் குழுவின் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் முனிராஜின் வணக்கம். போன மாதம் இதே பக்கத்தில் ஒரு அக்கா, தோட்டத்தில் நல்ல பாம்பிடமிருந்து முருகன் காப்பாற்றியதை எழுதியிருந்தார். படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என்னைத் துரத்தியது பாம்பு இல்லை. ஒரு எண். அறுநூற்றுப் பதினொன்று.

என்னைத் தெரியாதவர்களுக்கு: ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவது என் வேலை. அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு வந்து, எல்லோரையும் கிண்டல் செய்கிறவன் நான்தான். என் மனைவி சரளா பாகலூர்ப் பக்கம் ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிறாள். இருவருக்கும் ஒரே தொழில்தான். அவள் தள்ளுகிற பூ மணக்கும், நான் தள்ளுகிற இரும்பு மணக்காது.

பதினேழு வருடம் வாடகை வீடு. போன கார்த்திகை முதல் வாரம் பாகலூர் போகிற வழியில் இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. முன்பணம் இரண்டு லட்சம். சரளாவின் சீட்டுப் பணமும் இரண்டு வளையலும் அதில் போயின. மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்பணம் திரும்பி வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எனக்குத்தான் வங்கிக் கடன் கிடைத்துவிடுமே, மாதச் சம்பளம் இருக்கிறதே என்ற தைரியம்.

வங்கியில் ஹேமா மேடம் கணினியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி கணினியைப் பார்த்தார். என் முகத்தைவிட அது அவருக்குப் பரவாயில்லை போலிருந்தது.

"சார், உங்க கிரெடிட் ஸ்கோர் அறுநூத்துப் பதினொன்னு இருக்குது. எழுநூத்தைம்பதாவது இருக்கணும், இத வெச்சு நான் மேல அனுப்ப முடியாது. முழு ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க, என்னன்னு பார்க்கலாம்."

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியம் என் காதில் விழுந்தது. மூன்றாவது விழவில்லை. விழுந்திருந்தால் இந்தச் சாட்சியில் எழுத எதுவும் இருந்திருக்காது.

வெளியே வந்து பைக் சாவியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது. எல்லாக் கடனையும் கட்டி முடித்த மனுஷன் நான். யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை என்று உங்களிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். பிறகு ஏன்? அன்று இரவு சோறு இறங்கவில்லை. வளையல் இல்லாத சரளாவின் கையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து நான் செய்ததைச் சொல்லச் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. ஒரு வங்கி இல்லை என்றால் இன்னொன்று என்று நினைத்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு வங்கி, ஓசூரில் இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனி, போனில் இரண்டு கடன் செயலி. ஒரே வாரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பம் போட்டேன். காலையில் பல் தேய்க்கும் முன்பு ஸ்கோரைப் பார்ப்பேன். காய்ச்சல் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் வைப்பதுபோல. அறுநூற்று நான்கு. இரண்டு நாள் கழித்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. பிறகு ஐந்நூற்று எண்பத்தெட்டு. ஜுரம் இறங்கினால் சந்தோஷப்படலாம். இது இறங்க இறங்க எனக்கு ஜுரம் ஏறியது. அந்த எண்ணுக்குக் கீழே ஆறு பக்க ரிப்போர்ட் இருந்தது. விரலால் தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை. எண்ணைப் பார்ப்பேன், 'முருகா' என்பேன், போனை மூடிவிடுவேன்.

டீக்கடை, கேண்டீன், கோயில் வாசல் என்று எல்லா இடத்திலும் புலம்பினேன். நான் பிஸ்கட் வைக்கிற தெருநாய்க்குக்கூட என் ஸ்கோர் தெரியும்.

மார்கழி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, நானும் சரளாவும் நம் குன்றுக்கோயிலுக்குப் போனோம். நான் கண்ணை மூடி வாய்விட்டே கேட்டேன். "முருகா, எழுநூத்தைம்பது போதும். எண்ணூறு கூட வேண்டாம்." பக்கத்தில் நின்ற சரளா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, சந்தையில தக்காளியா கேக்கறீங்க? சாமிகிட்ட நம்பர் கேக்காதீங்க. எங்க தப்புன்னு கேளுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடம் என் வேலையே அதுதானே. ஒரு பாகம் அளவில் நிற்கவில்லை என்றால், 'அளவு காட்டு சாமி' என்று யாராவது இயந்திரத்தைக் கும்பிடுவார்களா? எந்த இடத்தில் பிசகியது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். என் விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். எண் எதுவும் கேட்கவில்லை. 'எங்கே தப்பு செய்தேன், காட்டு' என்று மட்டும் கேட்டேன். கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. பல நாளுக்குப் பிறகு அன்று நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அன்பர்களே, இனி சொல்வதை நீங்களே எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை உண்டியல் எண்ணிக்கை. ஆடிக்குப் பிறகு அப்போதுதான் திறந்தார்கள். எண்ண ஆள் குறைகிறது என்று கோயில் கமிட்டிச் செயலாளர் கிருஷ்ணப்பா அண்ணன் கூப்பிட்டார். உங்களுக்குத் தெரியும், கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து மூன்றிலும் திட்டத் தெரிந்தவர். மண்டபத்தில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. துணி விரித்து, நோட்டை ஒரு பக்கம், சில்லறையை ஒரு பக்கம் பிரித்துக்கொண்டிருந்தோம். சாவி ஒன்று வந்தது. கம்மல் ஒன்று வந்தது. பரீட்சை எண் எழுதிய சீட்டு நாலைந்து வந்தது. கிருஷ்ணப்பா அண்ணன் ஒரு பிளாஸ்டிக் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா முனிராஜு, சாமிக்கே கடன் வாங்கிக் குடுத்துக்கிறியா?"

என் கிரெடிட் கார்டு.

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதைப் போட்டது நான்தான். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அந்தக் கார்டைத் தேய்த்து, நாலு வருடம் திணறி, ஆடியில் கடைசித் தவணையைக் கட்டினேன். கடன் தீர்ந்தால் இந்தக் கார்டை இனித் தொடவே மாட்டேன் என்று முருகனிடம் நேர்ந்திருந்தேன். மற்றவர்கள் முடி கொடுப்பார்கள். எனக்கு ஏற்கெனவே முடி இல்லை. ஆடிக் கிருத்திகை அன்று கார்டைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டேன். அட்டை போனால் கணக்கும் போயிற்று என்று நினைத்தேன். வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முருகனுக்குச் சொன்னால் வங்கிக்கும் சொன்ன மாதிரிதானே என்று இருந்துவிட்டேன். நான் கேட்ட தப்பு இதுவாக இருக்குமோ என்று அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, அத குடுங்கண்ணா" என்றேன்.

"உண்டியல்ல வுழுந்தது சாமி சொத்து. சும்மா தூக்கிக் குடுக்க முடியாது. வெல கட்டி எடுத்துக்கோ."

"இதுக்கு என்னண்ணா வெல?"

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறியே ஒரு நம்பரு, அத கட்டு."

அன்றைய நிலவரம் ஐந்நூற்று எண்பத்தெட்டு. எண்ணிக் கட்டினேன். அண்ணன் ரசீது போட்டு, கார்டுக்குத் திருநீறும் பூசிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஹேமா மேடத்திடம் போய் நின்றேன். அவர் ரிப்போர்ட்டின் அடுத்த பக்கங்களைத் திறந்தார். நான் பார்க்கப் பயந்த பக்கங்கள். அங்கே அந்தக் கார்டு உயிரோடு உட்கார்ந்திருந்தது. ஆவணியில் அதற்கு ஆண்டுக் கட்டணம் ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய் விழுந்திருக்கிறது. நான் கட்டவில்லை. அதன்மேல் தாமதக் கட்டணம், வட்டி, வரி எல்லாம் ஏறி இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். மாதா மாதம் 'கட்டவில்லை, கட்டவில்லை' என்று என் பெயரில் பதிவு. வங்கி செய்தி அனுப்பாமல் இல்லை. எங்கள் கம்பெனியின் அத்திப்பள்ளிக் கிளையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தபோது வாங்கிய கர்நாடக சிம்முக்கு அனுப்பியிருக்கிறது. அந்த சிம்மை நான் எப்போதோ தூக்கி எறிந்துவிட்டேன்.

ஐந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய். இரண்டு லட்சம் முன்பணமும் ஒரு வீடும் அந்தக் காசில் தொங்கிக்கொண்டிருந்தன.

மேடம் பொறுமையாகச் சொன்னார். சொன்ன தேதியில் கட்டுகிறோமா என்பதுதான் ஸ்கோரில் பெரிய கனம். பாக்கி சின்னதா பெரியதா என்று அது இரக்கம் பார்ப்பதில்லை. கார்டில் கொடுத்த வரம்பை முக்கால்வாசி தின்றாலும் இறங்கும். கணக்குப் பழையதாக இருப்பது நல்லது. என்னுடையது பதினோரு வருடக் கணக்கு, அதையா உண்டியலில் போட்டீர்கள் என்று அவரும் சிரித்தார். நான் தினமும் ஸ்கோரைப் பார்த்ததால் ஒன்றும் குறையவில்லையாம். ஐந்து இடத்தில் கடன் கேட்டு ஓடினேனே, அதுதான் இன்னும் கீழே இழுத்திருக்கிறது. அவசரத்தில் கை நீட்டுகிறவன் என்று அது எழுதிக்கொள்ளுமாம். என் பயத்தை நானே ஐந்து பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அன்று மாலையே கார்டு வங்கிக்குப் போன் செய்தேன். வசூல் பிரிவில் பேசியவர், ஆயிரத்து இருநூறு கட்டினால் செட்டில்மென்ட் போட்டு முடித்துவிடலாம் என்றார். பாதிக்குப் பாதி மிச்சம். ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேளை, ஹேமா மேடத்தைக் கேட்டேன். முழுதாகக் கட்டாமல் 'செட்டில்' என்று முடித்தால், அது பல வருடம் ரிப்போர்ட்டில் தழும்பாக நிற்கும் என்றார். முழுப் பணமும் கட்டினேன். பாக்கியில்லை என்ற கடிதமும் வாங்கினேன். போன் எண்ணையும் மாற்றினேன். நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்து முருகனிடம் மன்னிப்பும் கேட்டேன்: கார்டைத் தொடுவேன், ஆனால் கடனுக்குத் தொட மாட்டேன்.

அதன்பிறகு காத்திருப்பு. இதுதான் எனக்குக் கஷ்டமான சோதனை. ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் எனக்கு. இப்போது செய்ய வேண்டியது சும்மா இருப்பது. எங்கும் விண்ணப்பம் போடாமல், யாரிடமும் புலம்பாமல். காலையில் போனுக்குப் பதில் கந்தனின் படத்தைப் பார்த்தேன். தை பாதியில் ஸ்கோர் அறுநூற்று அறுபத்தெட்டு. ஏறியிருந்தது, ஆனால் போதவில்லை. கிரயத்துக்கு மூன்று வாரம் பாக்கி.

மறுபடி வங்கி. இந்தத் தடவை சரளாவும் வந்தாள். மேடம் என் தாளைப் பார்த்து உதட்டைக் கடித்தார். பிறகு சரளாவிடம், "உங்களுக்கு ஏதாவது கடன் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"மகளிர் குழுக் கடன் மூணு தடவ வாங்கினேங்க மேடம். நகைக்கடன் ஒன்னு. எல்லாம் கட்டிட்டேன். தேதிக்கு முந்தின நாளே கட்டிருவேன், இவருகிட்ட குடுத்தா மறந்துருவாரு."

மேடம் தட்டிப் பார்த்தார். எழுநூற்று எழுபத்து நான்கு.

பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் ஊரெல்லாம் எண்ணைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, அது எனக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சரளா என்னைப் பார்த்து, "இப்பவாச்சும் கொஞ்சம் மரியாதையா பேசுங்க" என்றாள்.

இருவர் பெயரிலும் விண்ணப்பம் போட்டோம். அவள் முதல் பெயர், நான் இரண்டாவது. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கடன் கிடைத்தது. மீதியைக் கம்பெனிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கினேன். கெடுவுக்கு நாலு நாள் இருக்கும்போது கிரயம் முடிந்தது. பத்திரத்தில் சரளா வளையல் இல்லாத கையால் கையெழுத்துப் போட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பி, தூசி விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முருகன் எனக்கு ஸ்கோர் போடவில்லை. என் தவறை என் கையிலேயே கொடுத்தான், அதுவும் பத்துப் பேர் சிரிக்கும்படி. இப்போது எந்தக் கட்டணத்தையும் கடைசி நாள்வரை விடுவதில்லை. கார்டில் பெட்ரோல் மட்டும் போடுகிறேன், பில் வந்த அன்றே முழுதாகக் கட்டுகிறேன். நண்பன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், சரளாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

உங்களில் யாராவது இப்படி ஒரு எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட்டிருக்கலாம். கூச்சப்பட வேண்டாம், என்னைவிடக் கோமாளியாக நீங்கள் நடந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சுவர் இன்னும் பூசவில்லை, ஆனால் உட்கார இடம் இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள். 'எங்கே தப்பு, காட்டு' என்று சேர்ந்து கும்பிட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படிப்போம். அவன் காட்டுவான். சரளா டீ போடுவாள். இல்லை, இப்போதெல்லாம் டீ நான்தான் போடுகிறேன்.