மடத்துவெளிக்குப் போன கார்

பெரியப்பா தன் காருக்குப் பின்கதவு தேடி அலைந்த நாட்களில்தான் எனக்கு யாழ்ப்பாணத் தீவுப்பகுதி முழுவதும் தெரியவந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவார். அவருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் என்னில் பாதி தங்களுக்கு உரியது என்று நினைத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அதை மறுத்ததில்லை.

கார் என்று சொன்னேன். நான் முதலில் பார்த்தபோது அதைக் கார் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், அராலிக்குப் படகு ஏறும் துறைக்குப் பக்கத்தில் பற்றைக்குள் கிடந்ததை உழவு மெசினில் கட்டி இழுத்து வந்து, நாரந்தனையில் எங்கள் வளவுக்குள் பூவரசுக்குக் கீழே விட்டிருந்தார்கள். சில்லு இல்லை, சீற் இல்லை, ஒரு பக்கத்துக் கதவு இல்லை. பெரியம்மாவின் கோழிகள் எஞ்சின் இருந்த இடத்தில் முட்டையிட்டன. முன்னொரு காலத்தில் அது வாடகைக்கு ஓடிய ஏ-40 கார் என்றும், தீவில் பாதிக் கலியாணப் பொம்பிளைகளும் பாதிப் பிள்ளைத்தாச்சிகளும் அதில்தான் போனார்கள் என்றும் அப்பா சொல்வார். பெரியப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். அவர் அப்போது கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தார்.

சண்டை நின்று கொழும்புக்குப் பாதை திறந்த பிறகு ஒருநாள், கடையால் வந்தவர் உடுப்புக்கூட மாற்றாமல் கோழிகளைக் கலைத்துவிட்டார். பெரியம்மாவுக்கு அன்றைக்கு வந்த கோபம் நெடுநாள் ஆறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து பார்த்தார். வேறொரு காரின் கதவை வெட்டிப் பொருத்தலாம், ஜப்பான் எஞ்சின் ஒன்றை இறக்கினால் இன்னும் நல்லாக ஓடும் என்றார். அப்பாவும் அதைத்தான் சொன்னார். பெரியப்பா இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு பதில்தான் சொன்னார்.

"அதின்ர சாமான்தான் அதுக்கு வேணும்."

பின்கதவு ஊர்காவற்றுறையில், கடற்கரையோரம் ஒரு வீட்டில் இருந்தது. கடற்தொழில் செய்யும் குடும்பம். அவர்கள் ஊர் திரும்பியபோது வீட்டில் ஒரு நிலையும் கதவும் மிச்சமில்லை. எங்கேயோ கிடந்த கார்க் கதவைக் கொண்டுவந்து சமைக்கிற குசினிக்கு வாசல் கதவாகப் பூட்டியிருந்தார்கள். நாங்கள் முற்றத்தில் நின்று கூப்பிட்டபோது, அந்த வீட்டுப் பெண் உள்ளேயிருந்து கைபிடியைச் சுழற்றிக் கண்ணாடியை இறக்கி, யார் என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் வந்த காரியத்தைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் பிடித்தது. தேத்தண்ணி குடித்து, கடல் நிலைமை விசாரித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, கடைசியில்தான் சொன்னார்.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. "கள்ளச் சாமான் எண்டு எங்களுக்குத் தெரியாது ஐயா" என்றார்.

"கள்ளம் இல்லைத் தங்கச்சி. விட்டிட்டுப் போனவன் நான்தான்."

அடுத்த கிழமை தச்சரைக் கூட்டிப்போய்ப் பனம்பலகையில் நல்லதொரு கதவு செய்து பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் கதவைக் கழற்றினார். அந்த வீட்டுச் சின்னப்பிள்ளைகள் அழுதார்கள். புதுக் கதவில் கண்ணாடி இல்லை, சுழற்றக் கைபிடியும் இல்லை.

பிறகு அவர் கொழும்புக்குப் போனார். பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளுக்குள் நாள்கணக்கில் புகுந்து திரிந்து, முன்விளக்குகளின் வளையங்களைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு, யாரோ பெற்ற குழந்தையைக் கொண்டுவருவதுபோல பஸ்ஸால் இறங்கினார். எஞ்சினுக்கு வேண்டியவை ஒவ்வொன்றாகப் பின்னால் லொறியில் வந்து சேர்ந்தன. நிறம் எது என்பதில் வீட்டில் சண்டை வந்தது. அப்பா சாம்பல் என்றார், பெரியம்மா பச்சை என்றார். பெரியப்பா டாஷ்போர்டுக்குள் இருந்த சின்ன அறையின் மூடியைத் திறந்து காட்டினார். வெயில் படாத அந்த இடத்தில் வெளிறிய நீலம் அப்படியே இருந்தது. அந்த மூடியைக் கழற்றிக்கொண்டு போய்த்தான் நிறம் கலப்பித்தார்.

ஹோர்ன் மட்டும் கிடைக்கவில்லை. வேறொன்றைப் பூட்டினால் என்ன, சத்தம் சத்தம்தானே என்று அப்பா பகிடி பண்ணினார். அது கிடைத்தது மண்கும்பானில். கடலில் குளித்துவிட்டு வந்து வீதியோரக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று, மாடு அழைப்பது போன்ற கனத்த சத்தத்தோடு எங்களைக் கடந்து போனது. பெரியப்பா கிளாசை வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான். மீன்காரரை மறித்து, மூச்சு வாங்க, "தம்பி, இதை எங்க எடுத்தனீரோ, எனக்கு அது தேவையில்லை. எனக்கு இதைத் தாரும்" என்றார். மீன்காரர் பயந்துபோனார். பிறகு விளங்கிக்கொண்டு, தன் வாடிக்கைக்காரர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வெளியே வருகிறார்கள் என்று தயங்கினார். இரண்டு புது ஹோர்ன்களைக் கொடுத்து அதை வாங்கினோம்.

இவ்வளவும் ஏன் நடக்கிறது என்று நான் யோசித்ததில்லை. பெரியவர்களுக்கு ஒவ்வொரு பிடிவாதம் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

என் மாமி, அதாவது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை, புங்குடுதீவில் மடத்துவெளியில் இருந்தார். நான் பிறப்பதற்கு முன் நாரந்தனையில் எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருந்தவர். மாமா காய்ச்சலில் செத்துப்போனார் என்றும், அதன் பிறகு மாமாவின் தாய்வீட்டு வளவுக்குப் போய்விட்டார் என்றும் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருவார், அம்மாவோடு கதைப்பார், எனக்குப் பனங்காய்ப் பணியாரம் கொண்டுவருவார். அதே வளவில் இருந்த பெரியப்பா வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். கதை பேச்சு இல்லை. எங்கள் ஊரில் அண்ணன் தங்கை கதைக்காமல் இருப்பதற்கு வேலி ஒன்று போதும் என்பதால், இதுவும் காணிச் சண்டை என்று நானே முடிவெடுத்திருந்தேன்.

மாமியின் மகளுக்கு, எனக்கு மச்சாள், கலியாணம் பேசி முற்றாகியது. தாலிகட்டு நயினாதீவு அம்மன் கோயிலில். பொம்பிளையை மடத்துவெளியிலிருந்து குறிகட்டுவான் துறைக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து படகில் ஏற்றவேண்டும். தாய்மாமன் என்ற முறையில் பொம்பிளையைத் தன் காரில் கொண்டுபோகப் பெரியப்பா விரும்புகிறார் என்று அப்பா போய்க் கேட்டார். மாமி ஓம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கலியாணத்தன்று காலை பெரியப்பா பட்டு வேட்டி கட்டியிருந்தார். காரின் முன்பக்கத்துப் பொனற்றில் மல்லிகை மாலை. பெரியம்மா ஏனோ வரவில்லை, தலையிடி என்றார். அப்பாவும் அம்மாவும் முதல் நாளே மாமி வீட்டுக்குப் போயிருந்தார்கள். முன்சீற்றில் நான் மட்டும், புதுச் சட்டையோடு. வேலணையைக் கடந்து, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் பாலத்தில் கார் போனபோது, வலை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வயதான ஒருவர் கையைத் தூக்கிக் காட்டினார். பெரியப்பா பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அவ்வளவு சந்தோசமான மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மாமி வீட்டு ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்தி, ஹோர்னை இரண்டு தரம் நீட்டி அடித்தார்.

மாமி படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் பூத்தட்டு இருந்தது. காரைப் பார்த்தார். முன்னாலிருந்து பின்னால் வரை, ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பெரியப்பா இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப ஏன் அண்ணை வந்தனீங்கள்?" என்று மாமி கேட்டார்.

குரல் உயரவில்லை. பெரியப்பா வாய் திறக்கும் முன் நானே முந்திக்கொண்டேன்.

"நேரம் கிடக்கு மாமி. நாங்கள் வெள்ளனவே வந்திட்டம்."

மாமி என்னைப் பார்த்தார். தட்டைப் படலையோர மதிலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மாப்பிளை வீட்டாருக்கு அமர்த்தியிருந்த வான் வண்டியைப் படலையடிக்குக் கொண்டுவந்தார்கள். மச்சாள் காரைக் கடந்துபோய் வானில் ஏறினாள். கடக்கும்போது பெரியப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்தார், மற்றக் கை கதவை விடவில்லை. அம்மா வந்து என்னைக் கையைப் பிடித்து வானுக்குள் ஏற்றினார்.

வெறுங்கார் எங்களுக்குப் பின்னால் துறைவரை வந்தது. பெரியப்பா படகில் ஏறவில்லை. தாலிகட்டு முடிந்து, சாப்பிட்டு, வெயில் சாயும் நேரம் நாங்கள் திரும்பி வந்தபோதும் அவர் துறையடியில் காருக்குள்தான் இருந்தார்.

பெரியப்பா கண்ணை மூடியது சில வருடங்களுக்குப் பிறகு. கார் அதற்கு முன்பே போய்விட்டது. பழைய கார்கள் சேர்க்கும் கொழும்புக்காரர் ஒருவர் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு சாமான்கூடப் பிழையில்லை என்று வியந்து கொண்டுபோனார். செத்தவீட்டுக்கு மாமி வந்தார். தலைமாட்டில் இருந்து "அண்ணை, அண்ணை" என்று மட்டும் சொல்லி அழுதார். அன்றுதான் அம்மா எனக்குச் சொன்னார்.

தீவுக்குள் ஆமி இறங்கிய நாளில் பெரியப்பா முதலில் பெரியம்மாவையும் பெரியம்மாவின் தாய் தகப்பனையும் ஏற்றிக்கொண்டு துறைக்குப் போனாராம். போகும்போது பக்கத்து ஒழுங்கையில் தங்கையின் படலையில் நிறுத்தி, திரும்பி வந்து ஹோர்ன் அடிப்பன், வெளிக்கிட்டு நில் என்று சொன்னாராம். மாமாவுக்கு நெருப்புக் காய்ச்சல், நடக்க ஏலாது. துறையில் கடைசிப் படகு என்று சத்தம் போட்டார்கள். மேலே ஹெலி சுற்றியது. பெரியம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். திறப்பைக்கூட எடுக்காமல் காரை வீதியில் விட்டுவிட்டுப் பெரியப்பா படகில் ஏறிவிட்டார். மாமி மத்தியானம் வரைக்கும் படலையில் நின்று ஹோர்ன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாராம். பிறகு மாமாவைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, பிள்ளையைப் பாரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனார். துறைக்குப் போய்ச் சேரும் முன்னரே மாமாவின் உயிர் போய்விட்டது.

பெரியப்பா நிறத்தைப் பிழையாகக் கலந்திருந்தால், வேறொரு கதவைப் பூட்டியிருந்தால், மீன்காரரை அப்படியே போகவிட்டிருந்தால், மாமி ஒருவேளை ஏறியிருப்பாரோ என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் கொண்டுபோய் நிறுத்தியது, வராமற்போன அதே கார்.

கலியாணத்தன்று திரும்பி வரும்போது பெரியப்பாவோடு முன்சீற்றில் நான்தான் இருந்தேன். பாலத்தைத் தாண்டும்போது, அவரைத் தேற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கலியாணக் காருக்கு நீலம் சரியில்லை, வெள்ளை அடித்திருந்தால் மாமி கட்டாயம் ஏறியிருப்பார் என்று சொன்னேன்.

பெரியப்பா காரை ஓரத்தில் நிறுத்தினார். என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"உண்மையாவோ பிள்ளை? மாமி அப்பிடி ஏதும் சொன்னவவோ?"

இல்லை, எனக்குத்தான் அப்படிப் பட்டது என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் ஏன் அப்படி என்னிடம் எதையோ கேட்டுக்கொண்டு நின்றன என்று எனக்கு விளங்கவில்லை. பசிக்குது பெரியப்பா, வீட்டை போவம் என்றேன்.