துரை ஊருக்கு நான் போட்ட ஓடு

துரை கொடுத்த போட்டோவில் ஒரு கல் கோயில், குளம், பத்துப் பன்னிரண்டு வீடு. சீமையில் அவர் பிறந்த கிராமமாம். துரைசாணியின் பிறந்தநாளுக்கு அதை மரத்தில் சின்னதாகச் செய்துதரச் சொன்னார்.

அப்போது நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் தற்காலிகத் தச்சன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். யார் எதைக் கேட்டாலும் முதலில் பயம்தான். அந்த மாதம் இன்னும் மோசம். என்னை நிரந்தரமாக்கும் தாளில் துரைதான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் ரயில்வே குவாட்டர்ஸில் வீடு. என் மனைவிக்கு ஏழு மாதம்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து போட்டோவை உற்றுப் பார்த்ததும் திக்கென்றது. அத்தனையும் கூரை வீடு. நாங்கள் வாடகைக்கு இருந்த அத்தாப்பு ஓலைக் குடிசை மாதிரியே.

"தொரை ஊரு ஏழை ஊரு போலிருக்கே" என்றேன்.

"அதான் கப்பலேறி வந்துட்டாரு. நீங்க உள்ளத உள்ளபடி செய்ங்க" என்றாள் மனைவி.

மனசு ஒப்பவில்லை. நாலு துரைமார் வந்துபோகும் வீட்டில் அவர் ஊர்க் குடிசைகளை நானே கடைவிரித்த மாதிரி ஆகிவிடுமே? மரியாதைக்கு ஒவ்வொரு கூரையிலும் வரிவரியாக ஓடு செதுக்கி, சிவப்புச் சாயமும் அடித்தேன்.

துரை குனிந்து பார்த்தார்.

"ஓடு யார் போட்டது?" என்றார், தமக்குத் தெரிந்த தமிழில்.

"குடிசைன்னா ஐயாவுக்குக் கொறச்சல்னு நான்தான் போட்டேன்."

அவர் கோபிக்கவில்லை. அந்தக் கூரைகள் பாட்டன் பூட்டன் காலத்தவை, வைக்கோலை மாற்றி மாற்றி வேய்ந்து காப்பாற்றுகிறார்கள், ஓடு போட்டால் ஊரே சண்டைக்கு வரும் என்று மெல்லச் சொன்னார். பிறகு, "மாத்து" என்றார்.

பிறந்தநாளுக்கு மூன்றே நாள். ஓட்டை உளியால் சீவி எறிந்தேன். தண்டவாளத்தோரம் லாலாங் புல் அறுத்து வெயிலில் காயப்போட்டேன். மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து சின்னச் சின்னக் கட்டாக நூலில் கட்டித் தர, நான் வேய்ந்தேன். பிறந்தநாளன்று துரைசாணி கடைசி வீட்டுக் கூரையை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாராம். அவர்கள் வீட்டுச் சமையல்காரர் வந்து சொன்னார்.

மாதக் கடைசியில் கையெழுத்து விழுந்தது. குவாட்டர்ஸ் ஓட்டு வீடு. முதல் மழைக்கே மூன்று இடத்தில் ஒழுகியது. பாத்திரம் வைக்க ஓடினேன்.

மனைவி படுத்தபடியே சொன்னாள்: "லாலாங் மிச்சம் இருக்குதா பாருங்க."