திருவாலங்காட்டுக்கு எடுத்துச் சென்றது

எங்கள் கத்தோலிக்கப் பங்கில், கோவிலுக்கு நடந்து வர முடியாதவர்களின் வீடுகளுக்கு நற்கருணை எடுத்துச் சென்றுகொண்டிருந்த சிஸ்டரை தவக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பங்குத்தந்தைக்கோ ஞாயிறு ஒரே நாளில் மூன்று ஊர்களில் திருப்பலி. ஒரு நாள் பூசை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே நீ எடுத்துக்கிட்டுப் போறியாம்மா?”

அலமாரிச் சாவியை எடுத்துவரச் சொல்கிற குரலில்தான் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்களுக்கு நற்கருணை ஓர் அடையாளம் அல்ல. ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள அந்த வெள்ளை அப்பம், பீடத்தில் குருவின் சொல்லுக்குப் பிறகு, ஆண்டவரின் உடல். சிறுவயதிலிருந்து அப்படித்தான் நம்பி வளர்ந்தேன். நம்புவது ஒன்று. அதைச் சிமிழில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறுவது வேறு.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஒரு நோயாளியை இயந்திரத்தோடு இணைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இருபதுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட்ட பிறகே ஊசியைத் தொடுவேன். வீட்டிலும் அப்படித்தான், எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. அன்றும் முடியாது என்பதற்கான காரணங்களைக் கைப்பேசியில் எழுதினேன். செபமாலை சொல்லும்போது தூங்கிவிடுகிறேன். சட்டென்று கோபம் வரும். பாவசங்கீர்த்தனம் செய்து நான்கு மாதமாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஒருசந்தி இருக்கும் பெண்கள் பங்கில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடைசியாக ஒன்றை எழுதி, அழித்து, மறுபடியும் எழுதினேன்: சில ஞாயிறுகளில் நாக்கில் அப்பம் இருக்கும்போதே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யோசித்திருக்கிறேன்.

மறுநாள் அதை ஃபாதரிடம் நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார்.

“கடைசி பாயிண்ட் எனக்கும் உண்டு,” என்றார். “ஒரு வாரம் போயிட்டு வா. திருவாலங்காட்டுல ஒரே ஒரு வீடு. அதுக்கப்புறமும் முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. உனக்கு அனுமதி கேட்டு ஆயருக்கு எழுதமாட்டேன்.”

“நான் முடியாதுன்னா அவங்களுக்கு யாரு ஃபாதர் கொண்டு போவாங்க?”

“நான்தான். எப்ப முடியுதோ அப்ப. ரெண்டு மாசமா முடியல.”

யூனிட்டில் என்னோடு வேலை செய்யும் மூத்த நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். அவர் இந்து, கேலிக்காரர்.

“டெய்லி நாலு பேரு ரத்தத்த வெளிய எடுத்து உள்ள அனுப்புற. உன் கை நடுங்கி நான் பாத்ததில்ல. இத்துனூண்டு அப்பத்துக்கு இன்னாடி பயம்?”

“மெஷின்ல தப்பு பண்ணா அலாரம் அடிக்கும்க்கா. இதுல அடிக்காது.”

அக்கா சிரிக்கவில்லை. “அதுவும் கரெக்டுதான்,” என்று போய்விட்டார்.

சிஸ்டருக்குத் தொலைபேசி செய்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். சிமிழ், மேலே போர்த்தும் வெள்ளைத் துணி, மேசையில் விரிக்க இன்னொரு துணி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, சிலுவை, விரல் கழுவச் சிறு கிண்ணம். நேராக வீட்டுக்குப் போக வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. அப்பம் கீழே விழுந்தால் என்ன செய்வது, நோயாளி விழுங்க முடியாமல் துப்பிவிட்டால் என்ன செய்வது என்பதுகூட இருந்தது. பதினான்கு வரிகள் வந்தன.

அந்த ஞாயிறு கிருத்திகை. முருகன் மலைக்கோவிலிலிருந்து இறங்கிய கூட்டம் முழுவதும் பேருந்து நிலையத்தில் நின்றது. மொட்டைத் தலைகளில் சந்தனம், தோளில் தூங்கும் குழந்தைகள், பிரசாதப் பைகள். துப்பட்டாவுக்கு உள்ளே சிமிழை ஒரு கையால் பிடித்தபடி ஏறினேன். என் கைக்குள் யார் இருக்கிறார் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது என்று தோன்றியது. யாரோ ஒருவரின் முழங்கை என் விலாவில் இடித்தது. நான் சிமிழை இன்னும் இறுக்கினேன்.

நடத்துநர் வந்தார். “எங்கம்மா?”

கைப்பேசியில் முன்பே எழுதி வைத்திருந்த ஊர்ப் பெயரைக் காட்டினேன்.

“வாயத் தொறந்து சொன்னா இன்னா? கொழுக்கட்டையா வெச்சிகினுகீற?”

முன் இருக்கையில் புதிதாக மொட்டை போட்ட ஒரு பெண் திரும்பினாள். என் கை இருந்த இடத்தையும் என் முகத்தையும் பார்த்தாள்.

“யோவ், சும்மா வுடுய்யா. மௌன விரதம். வேண்டுதல் முடிச்சிகினு வருதுபோல.” எழுந்தாள். “நீ குந்தும்மா. நா நின்னுகினு வர்றேன்.”

இல்லை என்று நான் தலையாட்டியிருக்க வேண்டும். கூட்டம் என்னை இருக்கையில் தள்ளிவிட்டது. வேறொரு சந்நிதிக்கான மரியாதையைப் பொய் சொல்லி வாங்கிக்கொண்டதுபோல் கூசியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பேருந்திலேயே அவள் ஒருத்திதான் விஷயத்தைக் கிட்டத்தட்டச் சரியாகப் புரிந்துகொண்டவள். பேசக் கூடாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கும் முன் குனிந்து என் காதருகே, “என் பொண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவம். அவளுக்கும் சேத்து வேண்டிக்கோ,” என்றாள். தலையாட்டினேன். வேண்டவும் செய்தேன்.

திருவாலங்காட்டில் இறங்கிக் கரும்புத் தோட்டங்களை ஒட்டி நடந்தேன். நோயாளி ஐம்பது வயதைத் தாண்டிய பெண். பிறந்ததிலிருந்து எங்கள் பங்கு. கணவர் இந்து, சொந்த நிலத்தில் கரும்பு போடுபவர். சிஸ்டர் இருந்தவரை அந்த அம்மாவுக்கு ஒரு கால்தான் வராது. சிஸ்டர் போன பிறகு இரண்டாம் முறை பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறல்.

வாசலில் கணவர் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றிருந்தார்.

“வாங்கம்மா. சாமி எடுத்துகினு வர்றீங்க. இருங்க, கால்ல ஊத்தறேன்.”

“ஐயா, வேண்டாங்க...”

“உங்களுக்கு இல்லமா. சாமிக்கு.”

என் செருப்பில்லாத காலில் அவர் தண்ணீர் ஊற்றினார். வீடு கழுவி, சாணம் தெளித்து, கோலம் போட்டிருந்தது. நான் ஒரு வாரமாகத் தயாரானேன் என்று நினைத்திருந்தேன். அவர் எத்தனை நாள் தயாரானாரோ.

“ஏமே, யாரு வந்துக்கீறாங்க பாரு,” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

கட்டிலருகே இருந்த எவர்சில்வர் ஸ்டூலில் துணி விரித்தேன். மெழுகுவத்தி ஏற்றினேன். செபங்களைப் பிழையில்லாமல் சொன்னேன். அப்பத்தை எடுத்து உயர்த்திக் காட்டியபோது கை நடுங்கவில்லை, குரல் உடையவில்லை. பரவாயில்லையே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த அம்மா இடக்கையால் மார்பில் சிலுவை போட்டு வாயைத் திறந்தார். முழு அப்பத்தையும் நாக்கில் வைத்தேன்.

மூன்று நொடி இருக்கும். அவர் முகம் சிவந்தது. கண்கள் பிதுங்கின. இருமல்கூட முதலில் சரியாக வரவில்லை. அவரைப் பிடித்து முன்னால் சாய்த்து முதுகில் தட்டினேன். என் இன்னொரு கை தானாக அவர் வாயின் கீழே போயிருந்தது. நான்காவது இருமலில் அப்பம் என் உள்ளங்கையில் விழுந்தது.

அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு வரவில்லை.

பக்கவாதம் வந்த நோயாளிக்கு வாயில் எதையும் வைப்பதற்கு முன் விழுங்க முடிகிறதா என்று கேட்க வேண்டும். முதலாண்டுப் பாடம் அது. மருத்துவமனையில் ஒரு மாத்திரையைக்கூட நான் அப்படிக் கொடுத்திருக்க மாட்டேன். ஆண்டவருக்காகப் பதினான்கு வரிகள் எழுதிச் சரிபார்த்தவள், இந்த அம்மாவுக்காக ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“ஐயா, அம்மாவுக்குச் சாப்பாடு எப்படிக் குடுக்கறீங்க?”

“கஞ்சிதாம்மா. கெட்டியா. இட்லி துண்டு கூட எறங்காது.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமேங்க.”

அவர் குற்றவாளிபோல் நின்றார். “சாமியாச்சே. அது எறங்கும்னு நெனச்சேன்.”

நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன், அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் வித்தியாசம்.

என் உள்ளங்கையைப் பார்த்தேன். எச்சிலில் நனைந்து ஓரம் மடிந்த அப்பம். கையுறை இல்லாத கை. வேலையிடத்தில் நோயாளியின் வாயிலிருந்து விழுந்த எதுவும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போய்ச் சேரும். என் விரல்களுக்கு அதுதான் பழக்கம். என் கையில் இருந்ததோ அந்தப் பையில் போடக் கூடியது அல்ல. இவ்வளவு எளிதில் மடிந்துபோகிற ஒன்றாகவா வந்தீர் என்று மனதுக்குள் கேட்டேன். அதுவரை நான் சொன்ன செபங்களிலேயே அதுதான் எனக்குச் செபமாகத் தெரிந்தது.

அந்த அம்மா அழத் தொடங்கினார். “போச்சு... போச்சு...” என்பது மட்டும் புரிந்தது.

“ஒண்ணியும் போவல. அழாத,” என்றார் கணவர். என்னைப் பார்த்தார்.

சிஸ்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். அப்பத்தை அதில் விட்டேன். முழுவதும் கரைந்த பிறகு கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும் என்று விளக்கினேன். டம்ளரை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தோம். அப்பம் மெதுவாக விரிந்து, ஓரங்களில் நூல் நூலாகப் பிரிந்தது. அவர் கை கூப்பியபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கரஞ்சா சாமி பூடுமா?”

“அப்பமா தெரியற வரைக்கும் இருக்காருன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் கீறாரு,” என்றார். கட்டிலின் பக்கம் போய் மனைவியைத் தோளோடு அணைத்து நிமிர்த்தி உட்காரவைத்தார். “பாருமே. இன்னும் கீறாரு. பாத்துக்கோ.”

அந்த அம்மாவின் அழுகை நின்றது. இமைக்காமல் டம்ளரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிறவள் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனையோ முறை கோவிலில் அப்பத்தைப் பொன்னிறக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து, தூபத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் நற்கருணை ஆராதனை பார்த்திருக்கிறேன். அந்த எவர்சில்வர் ஸ்டூலின் முன்னால் இருந்ததுபோல் ஒருபோதும் இருந்ததில்லை. மூச்சைச் சத்தமாக விடக்கூட யோசித்தேன்.

கடைசித் துணுக்கும் மறைந்தபின், “கால் படாத மண்ணுன்னா எங்கங்க இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் வீட்டைச் சுற்றி மனதுக்குள் ஒரு நடை நடந்தார். “எல்லா எடமும் ஆடு மாடு மிதிக்கறதுதான். துளசி மாடம் ஒண்ணுதான் யாரும் கால் வெக்க மாட்டாங்க. உங்களுக்கு ஆவுமா?”

என் வரிகளில் இதற்கு விடை இல்லை. ஊற்றினேன். மண் உடனே உறிஞ்சிக்கொண்டது.

அன்று மாலை ஃபாதரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மூச்சடைத்தது, என் கவனக்குறைவு, டம்ளர், துளசி மாடம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அங்க கால் படாதில்ல?”

“படாது ஃபாதர்.”

“அப்ப சரி.” பிறகு கேட்டார், “முடியாதுன்னு சொல்லத்தான வந்த?”

அதற்குத்தான் வந்திருந்தேன். இப்போது என்னிடம் முன்பைவிடப் பெரிய காரணம் இருந்தது. ஒரு நோயாளியை ஏறக்குறைய மூச்சுத்திணற வைத்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வந்தது.

“ஒரு அரிசி அளவு குடுத்தா போதுமா ஃபாதர்? அதுலயும் முழுசா இருப்பாரா?”

“முழுசா.”

“அப்ப அடுத்த ஞாயிறு கஞ்சி நேரத்துக்குப் போறேன். இந்த வாரம் அவங்களுக்குக் கிடைக்கலியே.”

ஃபாதர் ஆயருக்கு எழுதுவதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எனக்குத் தகுதி வந்துவிட்டதா என்றால், இல்லை. அடுத்த ஞாயிறு பேருந்தில் முன்பைவிட அதிகமாகப் பயந்தேன். அந்த வீட்டில் முதலில் கட்டிலைச் சரிசெய்தேன். அம்மாவை நேராக உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகவாய் மார்பைத் தொடுமளவு தலையைக் குனியச் சொன்னேன். அவர் கணவர் முதலில் ஒரு கரண்டி கஞ்சி ஊட்டிக் காட்டினார். இறங்கியது. பிறகே மெழுகுவத்தி ஏற்றினேன்.

அப்பத்தின் ஓரத்திலிருந்து அரிசி அளவு கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, நாக்கின் இடப்பக்கம் வைத்தேன். மீதியை நான் உட்கொண்டேன்.

அவர் கண்ணை மூடினார். நானும் கணவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஒரு முறை பாதி ஏறி நின்றது. கணவர் என் கையைப் பிடித்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மறுபடியும் ஏறி, இறங்கியது.

“ஏமே?” என்றார் அவர், மெல்ல.

அந்த அம்மா கண்ணைத் திறந்தார். தினமும் மாத்திரை விழுங்கியதும் கணவருக்குக் காட்டுவதுபோல, எங்கள் இருவருக்கும் வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

“ஆங். எறங்கிட்டாரு,” என்றார் அவர்.