அறுபத்தொரு ரத்து

என் சித்தி ஒரு கண் மருத்துவமனையில் இருபது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். வருகிற அழைப்பைக் கேட்டு, யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வேலை. அந்த இணைப்புப் பலகையைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, நாற்பத்துமூன்று வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ரிசப்ஷனுக்குப் பின்னால் அதே அறை, அதே நாற்காலி. மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் தளம் முழுக்க அவள் எழுதியது.

"அதுல கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்குடி. பிரவுசர் என்ன கேக்குதுன்னு பார்க்கும். மாடல்கிட்ட விவரம் வாங்கும், வியூகிட்ட குடுத்துப் பக்கமாக்கி அனுப்பிடும். தானா ஒண்ணும் பண்ணாது. என்னை மாதிரி" என்பாள்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவள் எனக்கு வைத்த பெயர் ஊர்சுத்தி. அன்று அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு மருத்துவமனைக்குப் போனேன். ரிசப்ஷனிஸ்ட் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உங்க சித்தி தளம் நல்லாத்தான் இருக்கு. ஒரு பக்கம் திறக்குறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்."

நெட் மெதுவாக இருந்த ஊர்களில் நான் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒரு சின்னத் துணைப் புரோகிராமைப் பிரவுசரில் போட்டிருந்தேன். பக்கத்தில் உள்ள லிங்க் எல்லாவற்றையும் அது பின்னாலிருந்து முன்கூட்டியே திறந்து வைத்துவிடும். நாம் அழுத்தும்போது தயாராக இருக்கும். அதை ரிசப்ஷனிஸ்டின் கணினியில் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்த வாரத்துப் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பார்', 'மாற்று', 'ரத்து'.

காத்திருந்த வரிசையில் ஒரு போன் ஒலித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஓர் அம்மாள் எழுந்து வந்தார்.

"ஏம்மா, நாளைக்கு என் ஆபரேஷனை ரத்து பண்ணிட்டதா மெசேஜ் வந்திருக்குன்னு பக்கத்துல படிச்சுச் சொல்றாங்க. எட்டு மாசமா காத்திருக்கேன். நான் என்ன தப்பு பண்ணேன்?"

ரிசப்ஷனிஸ்ட் விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள். "நான் எதையும் தொடலை." பட்டியல் மேலிருந்து கீழ்வரை சிவந்திருந்தது. அறுபத்தொரு பேர். பின்னறைக்கு ஓடிச் சித்தியைக் கூட்டிவந்தேன்.

சித்தி நின்றபடியே சர்வர் பதிவைப் படித்தாள். ஒரு நிமிடத்துக்குள் அறுபத்தொரு ரத்து.

"ஊர்சுத்தி, இதுல என்னடி போட்ட?"

சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"பிரவுசர்ல இருந்து கெட்னு வந்தா சும்மா பார்க்கக் கேக்குறதுன்னு அர்த்தம். ஆயிரம் தடவை கேட்டாலும் எதுவும் மாறக் கூடாது. மாத்தணும்னா போஸ்ட்னு வரணும். நான் ரத்தை வெறும் லிங்க்கா வச்சுட்டேன். கெட்ல வந்தாலும் கன்ட்ரோலர் சரின்னுடும். ஒரு வருஷமா இது இப்படியே இருந்திருக்கு."

பெரிய டாக்டர் வந்தார். "யாரு பண்ணது இது?"

ரிசப்ஷனிஸ்ட் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் டாக்டர்" என்றாள் சித்தி.

"இந்தப் பொண்ணு ஏதோ போட்டான்னாங்களே?"

"அவ பக்கத்தைத் திறக்க வச்சா. திறந்தாலே ரத்தாகுற மாதிரி எழுதினது நான்."

"நாளைக்கு எட்டு மணிக்கு ஆபரேஷன் ஆரம்பம். ஒரு ஆள் குறைஞ்சாலும் உங்க நாற்காலிக்கு வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்மா."

பெயர்கள் அழியவில்லை, நிலை மட்டுமே மாறியிருந்தது. பத்து நிமிடத்தில் சித்தி அதைத் திருப்பினாள். ரத்து லிங்க்கை எடுத்துவிட்டு, உறுதிசெய்து அழுத்தும் பொத்தானாக்கினாள். கெட் என்று வந்தால் இனி கன்ட்ரோலர் மறுத்துவிடும். ஆனால் போன மெசேஜைத் திரும்ப வாங்க முடியாது. இன்னொரு மெசேஜை யார் நம்புவார்கள்? டெலிபோனை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வணக்கம், கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். உங்க நேரம் அப்படியே இருக்கு. தப்பு எங்களோடது."

இருபது வருடத்துப் பழைய குரல். டப்பா திறக்கப்படவே இல்லை. மாலை ஆறு மணிக்குள் அறுபது பேர் கிடைத்தார்கள். ஒருவர் போன் அணைந்தே இருந்தது. காலை எட்டு மணிப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

மறுநாள் ஏழரைக்கே சித்தி வாசலில் நின்றாள். எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் சுவரைத் தடவியபடி படியேறினார். சித்தி பெயரைக் கேட்டாள். அவரேதான்.

"ஐயா, உங்களுக்கு மெசேஜ் வரலையா?"

"என்னவோ கீ கீன்னு கத்துச்சு. அணைச்சுப் போட்டுட்டேன். படிக்கத் தெரியுற கண்ணு இருந்தா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

சித்தி அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அவளுக்குத்தான் பிடிமானம் தேவைப்பட்டதுபோல் இருந்தது.