குண்டு உருளாத மேசை

மருத்துவர் ஒரு கையில் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோயாளியாகப் போன இவருடைய மறு கை சட்டைப் பைக்குள் போய்விடும். பச்சைக் கண்ணாடிக் கோலிக்குண்டு ஒன்று வெளியே வரும். அதை மருத்துவரின் மேசை நடுவில் மெல்ல வைப்பார். குண்டு உருளத் தொடங்கியதும் காய்ச்சலையும் மறந்து முகம் மலர்ந்துவிடும். "டாக்டர், உங்க டேபிள் இந்தப் பக்கம் ஒரு நூல் இறக்கம். காலுக்கு அட்டை மடிச்சு வைங்க, சரியாயிடும்!" வைத்தியத்துக்குப் போன இடத்தில் மேசைக்கு வைத்தியம் சொல்லிவிட்டு வருகிற ஆசாமி.

லிப்ட் பழுதுபார்ப்பது தொழில். "லிப்ட் அரை விரல் இறங்கி நின்னா போதும், பாக்காம காலை வைக்கிறவங்க பல்லு போயிடும். எனக்கு மட்டம்னா மட்டம்தான்" என்பார். இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, இப்போது சாய்ந்த எதைப் பார்த்தாலும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'குண்டு'. ஆள் என்னவோ ஈர்க்குச்சி.

கார் ஷெட் இப்போது அவருடைய தச்சுப் பட்டறை. கார் தெருவில் வெயில் காய்கிறது. நாலு வருடத்தில் அங்கே உருவானவை மேசைகள் மட்டும்தான். முதல் மேசையில் குண்டு உருண்டது. அதன்மேல் பலகை அறுத்து இரண்டாவதைச் செய்தார். அதில் மேலே ஒட்டும் மைக்காத் தகடு கோணலாக ஒட்டிக்கொண்டது. அதை வைத்து இப்போது மூன்றாவது. "நல்ல டேபிள் செய்யறதுக்கே ஒரு நல்ல டேபிள் வேணுமில்ல?" என்று நியாயம் வேறு பேசுவார். "மச்சான், டேபிள் மேல டேபிள் போட்டு மாடி கட்டப் போறீங்களா?" என்று அவருடைய மைத்துனர் கேட்டது குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது.

மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். நூல்கண்டுகள் செருப்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. நீலம் வேண்டுமென்றால் சிவப்பைக் கொட்டியாக வேண்டும். ஓர் அலமாரி கேட்டு, அளவைத் துண்டுத் தாளில் எழுதி நீட்டியதும் நாலு வருடத்துக்கு முன்புதான். "முதல்ல டேபிள் மட்டமாகட்டும்" என்று அப்போது சொன்னவர், இன்றுவரை அதையேதான் சொல்கிறார். மூன்றாவது மேசைக்கு மைக்கா ஒட்டுகிற ஞாயிறு காலையில் அந்த அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்: "இதுவும் கோணலாச்சுன்னா, ஷெட்டைக் காலி பண்ணி என் மெஷினைப் போட்டுடுவேன்." இவருக்குப் பயம்தான். ஆனாலும் உற்சாகம் அடங்கவில்லை.

பலகையின் மேலும் மைக்காவின் அடியிலும் பசை பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டார். இனி இரண்டும் தொட்டால் தொட்டதுதான், பிரிக்க முடியாது. அதனால் பலகைமேல் குறுக்காக ஒன்பது மெல்லிய குச்சிகளைப் பரப்பி, அவற்றின்மேல் மைக்காவைக் கிடத்தி, இருவருமாக ஓரம் பார்த்தார்கள்.

"பிடிச்சுக்கோ! மூச்சு விடாதே!"

"மூச்சு விடாம எப்படிங்க பிடிக்கிறது?"

நடுக்குச்சியை உருவி உள்ளங்கையால் அழுத்தினார். ஓரம் அசையவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. "பாரு, பாரு, நூல் பிடிச்ச மாதிரி போகுது!" குச்சிகள் மூலைக்கொன்றாகப் பறந்தன. ஆள் குதிக்காத குறை. நாலு ஓரமும் கச்சிதமாக உட்கார்ந்த பிறகு, பழக்கதோஷத்தில் குச்சிகளைப் பொறுக்கி எண்ணினார். எட்டு.

மறுபடி எண்ணினார். எட்டேதான். முகம் வெளிறிப்போனது. "போச்சு. ஒண்ணு உள்ளயே மாட்டிக்கிச்சு." மைக்காவைத் தடவினார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். மேசைக்கடியில் தவழ்ந்தார். இடுப்பில் கைவைத்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே! கக்கத்துல என்ன?"

முதலில் உருவிய குச்சி, பத்திரமாக இடுக்கியபடியே இருந்தது.

குண்டை எடுத்தார். வைக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். "இங்க குடுங்க" என்று வாங்கி, இத்தனை வருடம் அதைத் திட்டியே தீர்த்த மனைவி, தானே நடுவில் வைத்துக் கையை எடுத்தார்.

குண்டு நின்றது.

"நிக்குது! நிக்குது!" இவர் தெருவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தார். மைத்துனருக்குப் போன் போட்டு, "மாப்ள, நிக்குதுடா!" என்று கத்தினார். எது நிற்கிறது என்று சொல்லாமலே போனை வைத்தார். சந்தோஷத்தில் கண் கலங்கியதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த அம்மா குண்டை எடுத்துத் தன் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்தார். அதே பர்ஸிலிருந்து மடிப்பு கிழிந்த அந்த நாலு வருடத் துண்டுத் தாளை எடுத்து மேசைமேல் விரித்தார்.

இவர் தாளைப் பார்த்தார். சுவரோரம் சாத்தியிருந்த பலகையைக் கொண்டுவந்து கிடத்தினார். பென்சிலுக்காகக் காதைத் தடவினார், காணோம். அதற்குள் மேசையின் மறுபக்கத்திலிருந்து, துணியில் கோடு போடும் தன் சாக்கட்டியை அந்த அம்மா நீட்டிவிட்டார்.