எட்வின் முதலில் கை வைக்காத வரலாறு

“பொறந்ததுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் மேலயும் நான் மொதல்ல கை வச்சது கெடையாது. விழுந்த அடிக்குப் பதில் சொல்லுவேன், அம்புட்டுதான்.”

இராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எட்வின் இந்தப் புகழ்பெற்ற வாசகத்தை ஊரறியச் சொன்னபோது, அவருடைய இடது கையில் ஒருவருடைய சட்டைக் காலர் இருந்தது. வலது கை அப்போதுதான் வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கியிருந்தது.

எட்வினின் தொழில், செத்துக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை உயிரோடு வெளியே கொண்டுவருவது. கல்யாண வீடியோ, மில் கணக்கு, இறந்துபோனவர்களின் போட்டோ எல்லாம் அவரிடம் வரும். ‘டிக் டிக்’ என்று முனகும் டிஸ்க்கைக் காதோரம் பிடித்துக் கேட்பார். அதைக் கஷ்டப்படுத்த மாட்டார். உள்ளே இருப்பதை முதலில் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுப்பார். நல்ல இடங்களை முதலில் வாங்கிக்கொண்டு, பழுதான இடங்களைத் தாண்டிப் போய், ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். சூடேறினால் உடனே நிறுத்திவிடுவார். மனிதர்கள் விஷயத்தில் இந்தக் கடைசி ஏற்பாடு மட்டும் அவரிடம் இல்லை.

மேற்படி காலருக்குச் சொந்தக்காரர் ஒரு மில் கணக்குப்பிள்ளை. “வேலை செய்யல அண்ணாச்சி, மேசையில ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்தேன்” என்று சொல்லித்தான் டிஸ்க்கை நீட்டினார். அடுத்த நொடி அதே மேசையில் அவரே மல்லாந்து கிடந்தார். உதடு கிழிந்து ரத்தம் கீ-போர்டில் சொட்டியது.

“அவன் டிஸ்க்க அடிச்சான்லா? அது மொத அடி. நான் அடிச்சது ரெண்டாவது” என்றார் எட்வின்.

தெரு இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதை வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

பிறகு ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று டிஸ்க்கை ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து வந்தார். அவருக்கு மூக்குத்தண்டு உடைந்தது. குளிரில் போட்டதும் அடிதான் என்பது எட்வினின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மறுகன்னத்தைக் காட்டச் சொல்லும் பிரசங்கத்தை அவர் தலையாட்டிக் கேட்பார். அது மற்றவர்களுடைய கன்னங்களைப் பற்றியது என்று புரிந்துகொண்டிருந்தார்.

அவருடைய மனைவி ஹெப்சிபா மட்டும் நம்பிக்கையில்லாமல் இருந்தார். “ஒங்களுக்கு ஒரு நகல் எடுத்து வைங்க. என்னைக்காவது எவனாவது ஒங்களக் கொன்னு போட்டான்னா எனக்கு ஒதவும்.”

அந்த நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், பரிபூரணம் நடத்தும் புரோட்டாக் கடையில் வரப் பார்த்தது. எதிரி, சோழபுரத்துத் தனுஷ். நடந்ததை எட்வின் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தது இப்படி: உட்கார இடம் கேட்டேன், தகாத வார்த்தை சொன்னான், கொலைவெறியோடு கையை ஓங்கினான், தற்காப்புக்காகத் தடுத்தேன்.

தடுத்ததில் தனுஷின் முன்பல் ஒன்று சால்னா வாளிக்குள் விழுந்தது. தனுஷ் கரண்டியைச் சுழற்றினான். எட்வினின் புருவம் பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியது. மற்றக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் பெஞ்சைத் தூக்கினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சண்டையில் சம்பந்தமே இல்லாமல் தரையில் உருண்டார்கள். கடைசியில் இருவரும் கட்டிப் புரண்டு கல்லா மேசையில் மோத, அதன் மேலிருந்த, கண்காணிப்புப் படம் பதியும் கேமராப் பெட்டி குப்புற விழுந்தது. பரிபூரணம் இருவர் தலையிலும் கொதிக்காத சால்னாவாகப் பார்த்து ஊற்றிப் போரை முடித்துவைத்தார்.

தனுஷ் போலீஸ் தேர்வில் தேறி, உத்தரவுக்காகக் காத்திருந்தவன். அடிதடி வழக்கு இருந்தால் வேலை போய்விடும். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. மிச்சம் அந்தக் கேமராப் பெட்டிக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அதுவும் விழுந்ததிலிருந்து ‘டிக் டிக்’ என்றது.

தனுஷின் அம்மா வெள்ளத்தாய் அதை எட்வினிடமே கொண்டுவந்தார். பரிபூரணம் பழக்கதோஷத்தில் டிஸ்க்கை வாழையிலையில் வைத்து, மேலே பேப்பர் சுற்றி, நூல் கட்டிக் கொடுத்திருந்தார்.

“அம்புட்டுக் கடையும் ஏறி எறங்கிட்டேன் அண்ணாச்சி. எல்லாரும் ஒங்க பேரத்தான் சொல்லுதாவ. என் நேரத்தப் பாத்தீயளா?”

புருவத்தில் பிளாஸ்திரியோடு எட்வின் நிமிர்ந்தார். “குடுங்கக்கா. ஊரே பாக்கட்டும், எவன் மொதல்ல கை வச்சான்னு.”

“அடிபட்டதும் இவிய, கேசு குடுத்ததும் இவிய, சாட்சிய எழுப்புறதும் இவிய. ஒரு ஆளுக்கு எம்புட்டு வேல!” என்றார் ஹெப்சிபா.

வெள்ளத்தாய் சிரிக்கவில்லை. “எம்மவன் மொதல்ல அடிச்சிருந்தான்னா நானே இழுத்துட்டுப் போயி விடுதேன். இல்லன்னா, அத நீங்கதான் சொல்லணும்.”

“சொல்லாமப் பொறவு?”

பொட்டலத்தைப் பிரித்ததும் கடை முழுக்கச் சால்னா மணந்தது. பல்லை உடைத்த அதே விரல்கள் நூலளவு கம்பியையும் நோகாமல் மாட்டின. டிஸ்க் கொஞ்சம் படித்தது, திணறியது, நின்றது. ஆறவிட்டு மறுபடி எழுப்பினார். சோறு தண்ணியை மறந்து அதன் பக்கத்திலேயே கிடந்தார். சண்டை நடந்த நேரத்துப் படம் நகலுக்கு வந்து சேர்ந்ததும் உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம். டிஸ்க் செத்தது. இனி உலகத்தில் அந்தப் படம் எட்வினின் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

வெற்றிக்களிப்போடு ஓடவிட்டார்.

படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. சத்தம் கிடையாது. எட்வின் ஏதோ கேட்கிறார். “ஏலே, செத்தத் தள்ளி உக்காரு” என்றது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. தனுஷ் திரும்புகிறான். இரண்டு கன்னமும் உப்பியிருக்கின்றன. வாய் நிறையப் புரோட்டா. உள்ளங்கையைக் காட்டுகிறான்: இருங்க, மென்னுக்கிடுதேன். புகாரில் கொலைவெறியோடு ஓங்கப்பட்ட கை அதுதான். அந்த வாயிலிருந்து வார்த்தை எதுவும் வந்திருக்க வழியில்லை. வந்தது புரோட்டாதான். அதுவும், எட்வினின் அறை விழுந்த பிறகு.

மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். மெதுவாக அறைந்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் அவரே அறைந்தார்.

பின்னாலிருந்து ஹெப்சிபா கேட்டார். “அந்தப் பய புரோட்டாவப் பிச்சுப் போட்டான்லா? அதானே மொத அடி?”

அழிக்கும் பொத்தான் எட்வினின் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. டிஸ்க் செத்துப்போச்சு என்று சொன்னால் நம்பாத ஆள் இந்தப் பக்கத்தில் கிடையாது. கொஞ்ச நேரம் செத்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்.

நிலையத்தில் ஏட்டையா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளத்தாய் சேலை முந்தானையைப் பிடித்தபடி நின்றார். சுவரோரம் தனுஷ், பல் போன இடத்தை மூடிக்கொண்டு.

“என்ன சார், ஒரே கட்டம் கட்டமா இருக்கு? மூஞ்சியே தெரியல. சரி, கேசு குடுத்தது நீங்க. அப்ப வாங்குறது நீங்க, அடிக்கிறது இவன். அப்படித்தான?”

எட்வின் குனிந்து, திரையை நோகாமல் தொட்டார்.

“இந்தக் கை என்னோடது. அந்தப் பையன் மென்னுக்கிட்டு இருக்கான்.”